பெயர் வைக்காத பிள்ளைக்கு ஒரு மெழுகுதிரி

ஜூன் மாதத்து முதல் திங்கட்கிழமை, காலை எட்டேகால் மணிக்கு டயானா தன் மகள் ஜெசிந்தாவின் கையைப் பிடித்தபடி பள்ளி வேனிலிருந்து இறங்கினாள். இருவருக்கும் அங்கே அதுதான் முதல் நாள். தாய் யூகேஜி டீச்சர், மகள் அதே வகுப்பில் மாணவி.

"எம்மா, எவ்ளோ பெருசும்மா!" என்றாள் ஜெசிந்தா. ஐந்து வயது நிரம்ப இன்னும் ஐந்து மாதம் இருந்தது அவளுக்கு.

பெரிதுதான். கீரனூரிலிருந்து ஆவூர்ப் பக்கம் போகிற கிளைச்சாலையில் சம்மனசுபட்டி என்று ஒரு சின்ன ஊர். ஊரைவிட அந்தப் பள்ளிக்கூடம் பெரிது. அதை யாரும் அதன் பெயரைச் சொல்லி அழைப்பதில்லை, உடையப்பன் பள்ளிக்கூடம் என்றுதான் சொல்வார்கள். எண்பத்தெட்டில் இரண்டு கீற்றுக் கொட்டகையும் நாற்பத்தொரு பிள்ளைகளுமாக ஆரம்பித்தது. பிறகு ஓட்டுக் கட்டடம் வந்தது. முந்திரித் தோப்பு ஒன்று விலைக்கு வந்தபோது அது ஏ பிளாக் ஆனது. பக்கத்துக் கடலைக் கொல்லை பி பிளாக் ஆனது. தைல மரக்காடு விளையாட்டு மைதானமானது. மதில் சுவரை மூன்று தடவை இடித்துத் தள்ளித் தள்ளிக் கட்டியிருந்தார்கள். பழைய சுவர்களின் அடிக்கட்டைகள் உள்ளே ஆங்காங்கே, வைத்தியர் பிடுங்காமல் விட்ட பல் வேர்களைப் போல, இன்னும் தரையில் துருத்திக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும் ஒரு கறுப்புக் கல். அடிக்கல் நாட்டியவர் யார், திறந்து வைத்தவர் யார் என்று பொன்னெழுத்தில் பெயர்கள்.

மேற்கு ஓரத்தில் கடைசியாகக் கட்டியது கேஜி பிளாக். சுவரெல்லாம் ஒட்டகச்சிவிங்கியும் பலூனும். அதன் ஜன்னலைத் திறந்தால் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தின் சிலுவைகள் தெரியும். அதனால் மேற்கு ஜன்னல்களைத் திறக்கவே கூடாது என்பது நிர்வாகத்தின் உத்தரவு.

உள்ளே நுழைந்ததும் டயானா செருப்பைக் கழற்றினாள். தரை சில்லென்று இருந்தது. வெளியே வெயில் அப்போதே கொளுத்த ஆரம்பித்திருந்தது. உள்ளே டைல்ஸ், மழைக்காலத்துக் கிணற்றுப் படியைப் போல் ஈரக் குளிர்ச்சியுடன் பாதத்தில் ஒட்டியது.

"இங்கிட்டு எப்பவும் அப்படித்தான் டீச்சர்," என்றாள் அழகி. கேஜி பிள்ளைகளுக்குச் சோறூட்டி, கழுவிவிட்டு, பாய் விரிக்கும் ஆயாம்மா. "ஃபேனே வேணாம். பில்லு மிச்சம்னு மொதலாளி சந்தோசப்படுறாரு."

விஷயம் என்ன என்பதை ஆகஸ்டு மாதம் ஒரு மழை நாளில், பிள்ளைகள் தூங்கும்போது, அழகியே சொன்னாள்.

ஊர் வழக்கம் ஒன்று அந்தக் காலத்தில் இருந்தது. ஞானஸ்நானம் பெறுவதற்கு முன்பே செத்துப்போன பச்சைக் குழந்தைகளை மந்திரித்த மண்ணில் புதைக்க மாட்டார்கள். கல்லறைச் சுவருக்கு வெளியே, கிழக்கு ஓரத்தில், புறம்பான ஒரு துண்டு நிலத்தில் புதைத்துவிடுவார்கள். சிலுவை கிடையாது. பெயர் வைத்திருந்தால்தானே சிலுவையில் எழுத? பிற்பாடு சாமியார்களே அந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள். ஆனால் அதற்கு முன் புதைத்தவை புதைத்தவைதான். நிலம் யாரோ ஒருவருடைய பட்டா. அவர் பிள்ளைகள் அதை உடையப்பனுக்கு விற்றுவிட்டார்கள்.

"எத்தனைன்னு யாருக்குத் தெரியும்? அஸ்திவாரம் தோண்டுனப்ப ஜேசிபி ஓட்டுன ஆளு மத்தியானத்தோட வண்டிய நிப்பாட்டிட்டு எறங்கிப் போயிட்டாரு. அப்பறம் வேற ஆளக் கூட்டியாந்து, தோண்டுன மண்ண அப்படியே தள்ளி மூடி, மேல காங்கிரீட்டு போட்டாக."

டயானா சிலுவை போட்டுக்கொண்டாள். அவளும் ஆவூர்த் தேவாலயப் பங்கில் பிறந்து வளர்ந்தவள்தான்.

"பெத்தவங்க யாரும் கேக்கலையா?"

"பெத்தவங்கள்ல முக்காவாசிப் பேரு அந்தச் சொவத்துக்கு உள்பக்கம் போயி படுத்துட்டாக டீச்சர். ஒருத்தி இருக்கா. வருவா, பாருங்க."

*

அவள் நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்களுக்கு மெழுகுதிரி ஏற்றும் கல்லறைத் திருநாளன்று வந்தாள்.

மாலை மூன்றரை மணி. வேன்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. கேட்டுக்கு வெளியே, அறுபதைத் தாண்டிய ஒரு பெண், வெளுத்த நீலப் புடவையில் நின்றிருந்தாள். பெயர் மரிய செல்வி. கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"ஒரு நிமிசம்தான்யா. அந்தக் கலர்க் கட்டடத்து ஓரத்துல வச்சிட்டு வந்துர்றேன்," என்று வாட்ச்மேன் திருமுருகனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போன வருசமே சொன்னேன்ல? உள்ள விட்டா எனக்கு வேல போயிரும். கெளம்பு, கெளம்பு."

அந்த நேரம் பார்த்து உடையப்பனின் கார் வெளியே வந்தது. கண்ணாடி இறங்கியது. வெள்ளை வேட்டி, சட்டை, நெற்றியில் விபூதி, சிரித்த முகம். யாரையும் அவர் உரக்கத் திட்டியதே கிடையாது.

"என்னம்மா, மறுபடியுமா? அந்தக் கட்டடத்துக்கு அடியில ஒண்ணுமே இல்ல. இருந்ததா எவனாச்சும் எழுதி வச்சிருக்கானா? கொண்டா அந்தக் காயிதத்த, நானே ஒனக்கு அங்க ஒரு மண்டபம் கட்டித் தாரேன்." டிரைவர் சிரித்தார். உடையப்பன், கேட்டுக்கு உள்பக்கம் நின்றிருந்த டயானாவைப் பார்த்தார். "மிஸ், நீங்க அவங்க ஆளுகதான? சொல்லி அனுப்புங்க. நாளைக்கு ஒரு பேரன்ட் காதுல இது விழுந்தா அட்மிஷன் என்னாகும்? அடுத்த பிளாக்குக்கு இப்பத்தான் பிளான் போட்டிருக்கேன்."

கார் போய்விட்டது.

டயானா கேட்டுக்கு வெளியே வந்தாள். வேனில் ஜெசிந்தா காத்திருந்தாள். மறுநாள் அவள் பிறந்தநாள், கீரனூர் போய் கேக் வாங்க வேண்டும், புது கவுனுக்கு இடுப்பில் தையல் பிடிக்க வேண்டும். மனசு அங்கேதான் இருந்தது.

"பெரியம்மா, குடுங்க. நானே உள்ள ஏத்தி வச்சிர்றேன்."

கிழவியின் முகம் அப்படியே மலர்ந்தது. அந்த முகத்தை டயானா பிற்பாடு எத்தனையோ நாள் நினைத்து அழப்போகிறாள்.

"நெசமாவா டீச்சர்? ஒனக்குப் புண்ணியமாப் போகும். ஆம்பளப் புள்ளையா பொம்பளப் புள்ளையான்னு கேட்டா பொம்பளப் புள்ள. ஒரு ராத்திரிதான் இருந்துச்சு. மருத்துவச்சி ஒரு கை தண்ணிய ஊத்தி ஞானஸ்நானம் குடுத்திருக்கலாம், அவ பதட்டத்துல மறந்துட்டா. பேரு வைக்க நேரமில்ல. ஏத்தும்போது பேரு சொல்லணும்னு இல்ல, சும்மா... ஒங்கம்மா குடுத்துவிட்டான்னு மட்டும் சொல்லு."

"சொல்றேன்."

"அணைக்காத, தாயி. தானா எரிஞ்சு தீரணும்."

"சரிங்க பெரியம்மா."

டயானா வகுப்புக்குத் திரும்பினாள். அழகி கூட்டிக்கொண்டிருந்தாள். தீப்பெட்டி இல்லை. வேன் ஹாரன் அடித்தது. சார்ட் பேப்பரும் பசையும் வைக்கும் அலமாரியில் பொட்டலத்தைப் போட்டுப் பூட்டிவிட்டு ஓடினாள்.

இரண்டு நிமிட வேலை. கடவுள் நம்மிடம் மலையைப் பெயர்க்கச் சொல்வதில்லை. இரண்டு நிமிடம்தான் கேட்கிறார். அதுதான் நமக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை.

*

மறுநாள் பதினொரு மணிக்கு வகுப்பில் கேக்கைத் திறந்தபோது, பேக்கரிக்காரன் மெழுகுதிரி வைக்க மறந்திருந்தது தெரிந்தது.

முப்பத்தொரு பிள்ளைகள் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் கவுனில் ஜெசிந்தாவின் முகம் சுருங்க ஆரம்பித்தது. "கேண்டில் இல்லாட்டி அது பர்த்டே இல்லம்மா," என்றாள்.

டயானா அலமாரியைத் திறந்தாள்.

பொட்டலத்துக்குள் விரல் கனத்தில், பழுப்பேறிய ஒரு மெழுகுதிரி இருந்தது. கேக்குக்கு அது உயரம். கத்தியால் பாதியாக வெட்டினாள். தன் பங்கில் கல்லறைத் திருநாளன்று சாமியார் இறந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பதும், பெயருக்கு ஒரு திரி ஏற்றுவதும் அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மெழுகு மெழுகுதானே என்று நினைத்தாள். சாயங்காலம் மீதிப் பாதியை மறக்காமல் ஏற்றிவிடலாம் என்றும் நினைத்தாள்.

அழகி வீட்டிலிருந்து கொண்டுவந்த தீப்பெட்டியால் ஏற்றினாள்.

பிள்ளைகள் பாடினார்கள். முப்பத்தொரு வாய்களும் ஒன்றாக, கூரை அதிர, "ஜெசிந்தா! ஜெசிந்தா!" என்று கூவின.

"ஊது கண்ணு."

ஜெசிந்தா ஊதினாள். சுடர் சாய்ந்தது, அணையவில்லை. மறுபடி ஊதினாள். அணையவில்லை. மூன்றாவது தடவை கன்னம் உப்ப ஊதியபோது அணைந்தது.

புகை மேலே போகவில்லை.

ஒரு நூல் போலக் கேக்கிலிருந்து வழிந்து, மேசை ஓரம் இறங்கி, இரண்டு டைல்ஸுக்கு நடுவே இருந்த வெள்ளைக் கோட்டுக்குள் போனது.

டயானா பார்த்தாள். கைதட்டிக்கொண்டே பார்த்தாள். சாயங்காலம் மீதிப் பாதியை அலமாரியில் தேடினாள். அங்கே காலி செய்தித்தாள் மட்டும் கிடந்தது.

*

அன்று மத்தியானம் பிள்ளைகள் பாயில் தூங்கும் நேரம். வாந்தி எடுத்த பாலைப் போல ஒரு புளித்த வாடை வந்தது. யாரோ கக்கிவிட்டார்கள் என்று அழகி துணியோடு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எந்தப் பாயும் நனைந்திருக்கவில்லை.

ஜெசிந்தா தூங்காமல் எழுந்து உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெசி, படுடா," என்றாள் டயானா மெல்ல.

அவள் திரும்பவில்லை.

"ஜெசிந்தா."

"ம்."

பதில் வந்தது. ஆனால் அது வந்தது ஜெசிந்தாவிடமிருந்து அல்ல. டயானாவின் நாற்காலிக்கு அடியிலிருந்து.

குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. தரை மட்டும் இருந்தது.

இரவு ஏழு மணிக்கு குவைத்திலிருந்து கணவன் சந்தனராஜ் வீடியோவில் வந்தான். "ஜெசிக் குட்டி! ஹேப்பி பர்த்டேடா! அப்பாகிட்ட ஒரு முத்தம் குடு!"

ஜெசிந்தா ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கூப்பிடுவது வேறு யாரையோ என்பது போல. உதடு அசையவே இல்லை.

அவன் முகம் பூரித்தது. "அடேயப்பா, எத்தன தடவ அப்பா அப்பாங்குது! போதும்டா தங்கம், கேக்குது, கேக்குது. என்ன டயானா, புள்ளைக்குச் சளி புடிச்சிருக்கா? குரல் அடச்ச மாதிரி இருக்கு?"

டயானாவுக்கு அந்த அறையில் எந்தக் குரலும் கேட்கவில்லை.

அதன் பிறகு நடந்தவை சத்தமில்லாமல் நடந்தன. அதுதான் கொடுமை. ஜெசிந்தாவுக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. அவள் மெல்ல மெல்ல விட்டுப்போக ஆரம்பித்தாள். அழகி முப்பத்தொரு தட்டு மட்டும் எடுத்து வைத்தாள். "ஐயோ, டீச்சர் புள்ளைய எப்படி மறந்தேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள், மறுநாளும் மறந்தாள். கூட விளையாடிய பிள்ளைகள் அவள் மேல் முட்டிக்கொண்டு, தூணில் முட்டியது போலத் தேய்த்துக்கொண்டு போனார்கள். அவளுக்குத் தன் பெயரை எழுத வரவில்லை. சிலேட்டில் முதல் எழுத்தைப் போட்டுவிட்டு, "இது யாரோடதும்மா?" என்று கேட்டாள்.

அதே நாட்களில், மத்தியானப் பாய்களுக்கு அடியில், யாரோ அந்தப் பெயரைத் தனக்குத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புது வளையலைக் குலுக்கிப் பார்ப்பது போல.

*

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை. டயானா வேனிலிருந்து இறங்கி, வீட்டைத் திறந்து, கை கால் கழுவி, டீ போட்டு ஒரு டம்ளரில் ஊற்றிக் குடித்தாள். அலுப்பாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. தனியாள் வீட்டின் அமைதி. பாதி டம்ளர் குடித்தபின் தன் கைப்பையோடு தன்னையறியாமல் தூக்கிவந்து மூலையில் போட்டிருந்த சின்னப் புத்தகப் பை கண்ணில் பட்டது.

யாருடைய பை இது என்று யோசித்தாள்.

யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படத்தைப் பார்த்து, நடுவில் இருக்கும் இந்தப் பிள்ளை யார் என்று எண்ணியபோதுதான் டம்ளர் கையிலிருந்து விழுந்தது.

ஆட்டோ பிடித்து, அழுதுகொண்டே சம்மனசுபட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி. கேஜி பிளாக் படிக்கட்டில், பூட்டிய கதவின் முன், ஜெசிந்தா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"அந்தப் பாப்பா சொல்லுச்சு, நீங்க வரமாட்டீங்கன்னு," என்றாள்.

"எந்தப் பாப்பா?"

"உள்ள இருக்கே, ஜெசிந்தா பாப்பா."

அப்போது கட்டடத்தின் பின்பக்கம், மதிலுக்கு அப்பால், ஒரு கிழட்டுக் குரல் கொஞ்சுவது கேட்டது.

"ஜெசிந்தா... ஏ ஜெசிந்தா... எங் கண்ணு..."

பூட்டிய கதவுக்கு உள்ளேயிருந்து பதில் போனது.

"ம். சொல்லும்மா."

*

டயானா மகளைத் தூக்கிக்கொண்டு மதிலைச் சுற்றி ஓடினாள். கல்லறைத் தோட்டத்துக்கும் பள்ளி மதிலுக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் சந்து. மரிய செல்வி அங்கே சுவரில் காதை வைத்து, மண்ணில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"வா டீச்சர்," என்றாள், கண்ணைத் திறக்காமலே. "தெனமும் வாரேன். நாப்பது வருசத்துக்கு மேல வாயில்லாமக் கெடந்தது. நா இங்க வந்து எத்தனையோ கேட்டுருக்கேன், ஒரு முனகல் வந்ததில்ல. எப்படி வரும்? கூப்புட ஒரு பேரு வேணும்ல. இப்ப பேசுது. நீ வச்ச பேரு. அழகான பேரு."

"பெரியம்மா, அது எம் புள்ள பேரு."

"தெரியும். அதுவே சொல்லுச்சு. கேக்குல வச்சு ஊதி அணைச்சீங்களாமே."

டயானா மண்டியிட்டாள். மண் அவள் முழங்காலைச் சுட வேண்டிய வெயில் காலமல்ல அது. ஆனாலும் சுட்டது.

"தப்புத்தான். ஆயிரம் தப்பு. எம் புள்ள என் கண்ணு முன்னாலயே கரையுது. இன்னிக்கு நானே மறந்துட்டேன், பெத்த நானே! வேற ஒரு பேரு வையுங்க பெரியம்மா. மரியாள்னு வையுங்க, செசிலின்னு வையுங்க. நீங்க பெத்தவங்க. நீங்க சொன்னாக் கேக்கும்."

மரிய செல்வி கண்ணைத் திறந்தாள். அந்தக் கண்களில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் டயானா தாங்கியிருப்பாள்.

"ஒரு மெழுகுதிரி டீச்சர்."

டயானா மகளை இறுக அணைத்துக்கொண்டாள்.

"அவ்வளவுதான கேட்டேன்? ஒன்கிட்ட நெலத்தக் கேட்டனா? கட்டடத்த இடிக்கச் சொன்னனா? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லியிருந்தா, வழக்கம்போல சொவத்துக்கு வெளிய வச்சிட்டுப் போயிருப்பேன். எம் புள்ளைக்கு நீ ஏத்துவன்னு நம்பி, அன்னிக்கு ராத்திரிதான் நா நிம்மதியாத் தூங்குனேன்."

"பெரியம்மா..."

"வேற பேரச் சொல்லிப் பாக்க மாட்டேன். மறுபடி ஊமையாயிட்டா? எனக்கு இன்னும் எத்தன நாளு?" குரல் தாழ்ந்தது. "ஒம் புள்ளைக்கு ஞானஸ்நானம் ஆயிருச்சு. கூப்புட அப்பன் இருக்கான், ஆத்தா இருக்கா. அதுக்கு வேற பேரு வையி. எம் புள்ளைக்கிட்ட கெடக்குற ஒண்ணே ஒண்ணப் புடுங்க வராத."

சொல்லிவிட்டு மறுபடி சுவரில் காதை வைத்தாள். மிருதுவாக, ஒரு விரலால் சுவரைத் தட்டினாள்.

உள்ளேயிருந்து, அதே மாதிரி, ஒரு சின்னத் தட்டு.

டயானா முதலில் பங்குச் சாமியாரிடம் போனாள். அவர் நல்லவர், கேலி செய்யவில்லை. அந்தக் குழந்தைக்காக ஒரு பூசை வைக்கிறேன் என்றார். நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, "எந்தப் பேர்ல வைக்கணும்மா?" என்று கேட்டார். டயானா எழுந்து வந்துவிட்டாள்.

அன்று இரவு மகளை மடியில் வைத்து, இறந்துபோன தன் தாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "ஸ்டெல்லா."

பிள்ளை சும்மா இருந்தது.

"ஸ்டெல்லா. இனிமே நீதான் ஸ்டெல்லா. ஸ்டெல்லா. ஸ்டெல்லா." அழுதழுது, நூறு தடவை, இருநூறு தடவை கூப்பிட்டாள். விடியற்காலை நாலு மணிக்கு, சேவல் கூவும் நேரம், மடியில் இருந்த தலை அசைந்தது.

"என்னம்மா?"

*

டிசம்பரில் டயானா வேலையை விட்டாள். "நடுவுல விட்டுட்டுப் போறீங்க, உங்களுக்கே நல்லாருக்கா மிஸ்?" என்று உடையப்பன் சிரித்துக்கொண்டே கேட்டார். கேஜி பிளாக்குக்கு மேலே இன்னொரு மாடி எழும்பிக்கொண்டிருந்தது.

திருக்கோகர்ணத்தில் வீடு பார்த்து, புதுப் பெயரில் மகளை வேறு பள்ளியில் சேர்த்தாள். அண்டை அயலாருக்கு அவளை நினைவிருந்தது. கடைக்காரர் ஸ்டெல்லா என்று கூப்பிட்டு மிட்டாய் கொடுத்தார். சந்தனராஜ் குவைத்திலிருந்து கூப்பிட்டால் அவளே வாய் திறந்து பேசினாள். டயானா தினமும் ஜெபமாலை சொன்னாள். மன்னிக்கப்பட்டோம் என்று நம்ப ஆரம்பித்தாள். மரிய செல்வியைப் போய் ஒரு தடவை பார்த்துவர வேண்டும், நாலு பழம் வாங்கிப் போக வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தாள். ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது வேலை வந்தது.

பிப்ரவரியில் அழகி ஃபோனில் சொன்னாள், மரிய செல்வி போய்விட்டாள் என்று. மூன்று நாள் ஆகிவிட்டது. சுவருக்கு உள்பக்கம், நல்ல மண்ணில் அடக்கம் செய்தார்களாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தரை மணிக்கு ஃபோன் அடித்தது. ஸ்டெல்லா கூடத்துத் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"டயானா மேடமா? நா சிவரஞ்சனி. உங்களுக்கு அப்பறம் யூகேஜிக்கு வந்த டீச்சர். என்ன மேடம் இப்படி விட்டுட்டீங்க? எல்லா வேனும் போயிருச்சு. புள்ள தனியா நின்னு அழுவுது."

"எந்தப் புள்ள?"

"உங்க பொண்ணு மேடம். ஜெசிந்தா. நம்பர் கூட அதுதான் சொல்லுச்சு."

டயானா மகளைப் பார்த்தாள். பென்சில் நின்றிருந்தது.

"எனக்கு ஒரே பொண்ணு. அவ இங்க எம் முன்னாடி இருக்கா."

"அப்ப இது யாரு மேடம்? அம்மா பேரு கேட்டா உங்க பேரத்தான் சொல்லுது. இன்னொரு அம்மா இருந்தாங்களாம், தெனமும் வந்து பேசுவாங்களாம், இப்ப ஒரு வாரமா வரலையாம். என்னென்னமோ சொல்லுது. இந்தாங்க, உங்ககிட்ட பேசணுமாம்."

ஃபோன் கை மாறியது. மூச்சு கேட்டது. சளி அடைத்த மூச்சு.

"எம்மா."

டயானா மகள் பக்கம் ஓர் எட்டு வைத்தாள்.

"எம்மா, யாருமே கூப்புட மாட்டேங்கறாங்கம்மா. இருட்டுது."

ஒரு சொல் போதுமாயிருந்தது. இரு கண்ணு, நான் இருக்கிறேன் என்று, அல்லது அந்தப் பெயரை ஒரே ஒரு தடவை. டயானாவுக்கு அது தெரிந்தது. ஆனால் பயம் அவள் வாயைத் திறந்து வேறு ஒன்றைச் சொன்னது.

"நீ யாருன்னே எனக்குத் தெரியாது. எனக்கு ஃபோன் பண்ணாத."

பிறகு, கோபமே இல்லாத, சமாதானமான ஒரு குரல்.

"சரிம்மா. நீங்க வர வேணாம். நானே வாரேன்."

இணைப்பு அறுந்தது. டயானா ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள். ஜன்னல்களைச் சாத்தினாள். மூச்சிரைக்கத் திரும்பியபோது ஸ்டெல்லா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் தன் நோட்டையும் பென்சில் பெட்டியையும் ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

பிறகு தானும் மெல்ல நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு சின்ன ஆளுக்கு இடம் விட்டாள்.